மூக்குத்தி: ஓர் அணியும் பல சொற்களும்



தமிழ்ப்பெண் ஒருத்தியின் முகத்தை வரையும்படி சிறுபிள்ளையிடம் சொன்னால், நெற்றியில் ஒரு பொட்டையும் மூக்கின் ஓரத்தில் ஒரு புள்ளியையும் வைத்துவிட்டு, "முடிந்தது" என்று தாளை நீட்டும். அத்துணை நெருக்கமாக மூக்குத்தி நம் கண்ணோடு பழகிவிட்டது. ஆகவே சிலம்பும் வளையும் போல மூக்குத்தியும் ஆதிகாலந்தொட்டே நம் பெண்கள் அணிந்துவந்த நகை என்று எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் சரிதானா என்று பார்ப்பதே இன்றைய பேச்சின் முதல் வேலை. மூக்கணிகளைக் குறிக்கும் சொற்கள் எங்கெங்கிருந்து வந்தன, அவை எவற்றையெல்லாம் உள்ளே பொதிந்து வைத்திருக்கின்றன என்று காண்பது இரண்டாவது வேலை. இவ்விரண்டையும் முடித்த பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வி எழும். அக்கேள்விக்கு விடை சொல்ல, தொலைவிலுள்ள ஒரு நாட்டில் நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே கூட நேர்ந்தது. அதனை இறுதியில் சொல்லுகிறேன்.

முதலில் இலக்கியத்தைப் பார்ப்போம். பழந்தமிழ்ப் பெண்டிரின் அணிகலன்களைப் பற்றி அறிய விரும்புவோர் முதலில் புரட்டுகின்ற நூல் சிலப்பதிகாரம். அதில் கடலாடு காதையில், மாதவி தன்னை அலங்கரித்துக்கொள்ளும் காட்சியை இளங்கோவடிகள் விரிவாகப் பாடுகிறார். கால் விரலில் தொடங்கித் தலை முடியில் முடிகிறது அந்த வருணனை. பாதத்தில் அணிவன, சிலம்பு, இடையில் மேகலை, தோள்வளை, கைவளைகள், மோதிரங்கள், கழுத்துச் சங்கிலிகள், காதணி, பிறகு தலையணிகள் என்று ஒன்றையும் விடாமல் அடுக்கிச் செல்கிறார். காது வரை வந்த கவிஞர் அங்கிருந்து நேரே தலைக்குச் சென்றுவிடுகிறார். இடையில் இருக்கும் மூக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இத்தனை நகைகளை எண்ணி எண்ணிச் சொன்னவர் மூக்குத்தியை மறந்துவிட்டார் என்று கொள்வது பொருந்துமா? அன்றைய பெண்கள் மூக்கில் அணி பூணவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

வடமொழியிலும் இதே நிலைதான். அமரசிம்மன் இயற்றிய அமரகோசம் என்னும் நிகண்டு தலை, காது, கழுத்து, கை, இடை, கால் ஆகிய உறுப்புகளின் அணிகளுக்குப் பெயர்கள் தருகிறது. மூக்கணிக்குப் பெயர் தரவில்லை. சடங்குகளை வகுத்த நூல்கள் காது குத்துதலைக் 'கர்ணவேதம்' என்னும் பெயரால் ஒரு சடங்காக வைத்திருக்கின்றன. மூக்குக் குத்துதலுக்கு அத்தகைய இடம் இல்லை. நம் வீடுகளிலும் காதுகுத்து விழாவுக்கு மாமன் மடியும் விருந்தும் உண்டு; மூக்குக் குத்துவதற்கோ ஒரு நல்ல நாளும் ஒரு தட்டானும் போதும். இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததன்று. ஒன்று மிகப் பழைய வழக்கம். மற்றொன்று பிற்பாடு வந்து சேர்ந்தது.

எழுத்தை விட்டுச் சிலைக்கு வருவோம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்கூத் சிற்பங்கள், சாஞ்சியின் தோரணவாயில்கள், அசந்தாக் குகைகளின் ஓவியங்கள் ஆகியவற்றில் பெண்கள் காதிலும் கழுத்திலும் இடையிலும் அணிகளைச் சுமந்து நிற்கிறார்கள். மூக்கு மட்டும் வெறுமையாக இருக்கிறது. பத்து, பதினொன்றாம் நூற்றாண்டுகளில் சோழநாட்டுக் கைவினைஞர்கள் வார்த்த செப்புத் திருமேனிகளை நினைத்துப் பாருங்கள். உமையம்மையின் முடி முதல் சிலம்பு வரை ஒவ்வொரு நகையையும் மணி மணியாகச் செதுக்கிய அக்கைகள், அம்மையின் மூக்கில் ஒரு புள்ளியும் வைக்கவில்லை.

இச்சான்றுகளை எல்லாம் திரட்டி ஆராய்ந்தவர்களுள் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர் வரலாற்றறிஞர் அ. ச. அல்தேகர். இந்து நாகரிகத்தில் பெண்களின் நிலை குறித்து 1938ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மூக்கணி பண்டைய இந்தியாவில் அறியப்படாத ஒன்று என்று அவர் எழுதினார். மற்றவர் புனே பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி. கே. கோடே. அவரும் நூல்களையும் சிற்பங்களையும் ஒப்பிட்டு, கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிய காலத்திற்கு முன் இவ்வழக்கத்திற்குத் தக்க சான்று இல்லை என்னும் முடிவுக்கு வந்தார்.

அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? மேற்கு ஆசியாவில் மூக்கணி மிகப் பழமையானது. விவிலியத்தின் ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தில், ஆபிரகாமின் ஊழியர் தம் எசமானரின் மகனுக்குப் பெண் தேடிச் சென்று, கிணற்றடியில் தண்ணீர் வார்த்த ரெபேக்காளுக்குப் பொன் வளையம் ஒன்றை மூக்கில் அணிவிக்கும் செய்தி இருக்கிறது. அதன் எடையும் அரைச் சேக்கல் என்று சொல்லப்படுகிறது. எபிரேய மூலத்தில் வரும் 'நெசெம்' என்னும் சொல் மூக்கு வளையத்தையும் குறிக்கும், காது வளையத்தையும் குறிக்கும். மூக்கில் நகை அணிவதை அறியாத ஆங்கிலேயர் 1611ஆம் ஆண்டு வெளியிட்ட மொழிபெயர்ப்பில் அதனைக் காதணி என்றே எழுதிவிட்டார்கள். சொல்லின் ஒரு பொருள் மட்டும் தெரிந்திருந்தால் மூக்கில் இருந்த நகை காதுக்கு இடம் மாறிவிடுகிறது, பார்த்தீர்களா!

மேற்காசியத் தொடர்பு வலுத்த இடைக்காலத்தில் இந்த வழக்கம் இந்தியாவுக்குள் பரவியது என்பது பல அறிஞர்களின் கருத்து. பதினாறாம் நூற்றாண்டுக்குள் அது தென்னாட்டில் வேரூன்றிவிட்டது. கண்ணனூரில் வாழ்ந்த துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துக்கீசியர் 1516ஆம் ஆண்டையொட்டி எழுதிய குறிப்பில், விசயநகரத்துப் பெண்கள் ஒரு பக்க மூக்கைத் துளைத்துப் பொற்கம்பியில் முத்தோ நீலமோ மாணிக்கமோ தொங்கவிட்டிருந்தார்கள் என்று தெரிவிக்கிறார். அந்த நூற்றாண்டின் இறுதியில் அக்பரின் அமைச்சர் அபுல் பசல் தொகுத்த 'அயினி அக்பரி' பெண்களின் நகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் மூக்கிற்கு மட்டும் நான்கு நகைகள்: பேசர், பூலி, இலவங்க், நத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயரே இல்லாத நகைக்கு இப்போது நான்கு பெயர்கள்!

நேயர்களே, இப்போது சொற்களுக்கு வருவோம்.

'மூக்குத்தி' என்னும் நம் சொல்லை இருவகையாகப் பிரிப்பார்கள். மூக்கு, உத்தி என்று பிரிப்பது ஒன்று. 'உத்தி' என்று ஓர் அணி பழங்காலத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் சிலப்பதிகாரம் காட்டும் தெய்வவுத்தி தலையில் அணிவது. மூக்கு, குத்தி என்று பிரிப்பது மற்றொன்று. மூக்கைக் குத்தி அணிவது மூக்குக்குத்தி. அடுத்தடுத்து வரும் 'குகு' என்னும் ஒலிகளில் ஒன்று பேச்சில் தேய்ந்து மூக்குத்தி ஆயிற்று என்பர். இரண்டாவதே இயல்பாகத் தோன்றுகிறது. மலையாளத்தாரும் மூக்குத்தி என்பர்; கன்னடத்தார் மூகுதி என்பர்; தெலுங்கர் முக்குபுடக என்பர். எல்லாவற்றிலும் மூக்கு என்னும் திராவிடச் சொல் முன்னே நிற்கிறது. நகை வெளியிலிருந்து வந்திருந்தாலும் அதற்கு நாம் இட்ட பெயர் நம் சொந்தப் பெயர்.

ஆனால் மூக்கணி வகைகள் சிலவற்றுக்கு அவற்றோடு வந்த பெயர்களே நிலைத்துவிட்டன. வைரக் கற்கள் பதித்த எட்டுக்கல் பேசரியைப் பற்றிப் பாட்டிமார் பெருமையாகப் பேசுவார்கள். அபுல் பசல் சொன்ன பேசர்தான் தமிழில் பேசரி ஆயிற்று. இரண்டு துளைகளுக்கும் நடுவே மூக்குத்தண்டில் தொங்கும் அணி புல்லாக்கு. பரதநாட்டியம் ஆடும் பெண்கள் அரங்கேற்றத்தில் அணிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இது இந்துத்தானி மொழியின் 'புலாக்' என்பதன் தமிழ் வடிவம். சிலப்பதிகாரத்தில் 'புல்லகம்' என்றோர் அணி வருவதைக் கண்டு, புல்லாக்கு அன்றே இருந்தது என்று சிலர் மகிழ்ந்துபோவதுண்டு. புல்லகம் தலைக்கோலத்தைச் சேர்ந்த அணி. ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடா.

அடுத்து நத்து. தமிழில் 'நத்து' என்றால் சங்கு, நத்தை என்ற பொருள்கள் உண்டு. 'நத்துதல்' என்றால் விரும்புதல். மூக்கில் அணியும் நத்துக்கும் இவற்றுக்கும் உறவில்லை. அது வடக்கேயிருந்து வந்த சொல். மராட்டியப் பெண்கள் முத்துகள் கோத்து அணியும் பெரிய நத்து பெயர்பெற்றது. 1676 முதல் 1855 வரை தஞ்சையில் மராட்டியர் அரசாண்டார்கள் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. அந்தச் சொல்லின் வேரைத் தேடிச் சென்றால், நம்மைச் சற்றே திடுக்கிட வைக்கும் ஓரிடத்தில் போய் நிற்போம். மாட்டின் மூக்கைத் துளைத்துக் கயிறு கோப்பதைக் குறித்த பழைய சொல்லிலிருந்து அது கிளைத்தது என்பர் மொழியறிஞர். இந்தியில் இன்றும் 'நாத்து' என்றால் நாம் மூக்கணாங்கயிறு என்கிறோமே, அதுதான். ஒரே வேரில் ஒரு கிளை மணமகளின் முத்துவளையம். மறுகிளை எருதின் கயிறு. இதைக் காட்டி, மூக்குத்தி பெண்ணை அடக்குவதற்காக இட்ட பூட்டு என்று வாதிடுவோர் உண்டு. சொல் பிறந்த இடம் அதுவாக இருக்கலாம். ஆனால் அணிந்தவர்கள் அதை என்னவாகக் கருதினார்கள் என்பதைச் சொல்லின் வேர் ஒன்றை மட்டும் கொண்டு அறிய முடியாது. அதைப் பிறகு பார்ப்போம்.

பூலி என்பது பூ என்னும் பொருள்பட வந்தது. இலவங்க் என்பது நம் இலவங்கம், அதாவது கிராம்பு. தலையில் சிறு மொட்டும் கீழே காம்புமாக இருக்கும் கிராம்பு, ஒற்றைக்கல் மூக்குத்தியின் அச்சு அல்லவா? கிராம்பு மொலுக்காத் தீவுகளில் விளைந்து, நம் தென்கிழக்காசியக் கடல்வழியாக உலகெங்கும் சென்ற பொருள். 'லவங்க' என்னும் வடசொல்லே மலாய்த் தீவுக்கூட்டத்து மொழியிலிருந்து போயிருக்கலாம் என்று கருதும் மொழியறிஞர்களும் உண்டு. வடநாட்டுப் பெண் தன் மூக்கில் இருப்பதை இலவங்கம் என்று அழைக்கும்போது, அந்தச் சொல்லில் நம் பக்கத்துக் கடற்காற்றும் கலந்திருக்கிறது. இன்னொரு வியப்பும் உண்டு. மூக்குத்திக்கு இந்தியில் 'கீல்', அதாவது ஆணி, என்றும் பெயர். கிராம்பின் ஆங்கிலப் பெயரும் ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சீனரும் கிராம்பை ஆணி வடிவ நறுமணப் பொருள் என்றே பெயரிட்டழைத்தனர். ஆணி, கிராம்பு, மூக்குத்தி ஆகிய மூன்றையும் பல நாட்டுக் கண்கள் ஒன்றாகவே கண்டிருக்கின்றன.

நம்மவரின் கண் மட்டும் இதற்கு விலக்கா? கிராம்பின் வடிவில் தடித்த காம்போடு காய்க்கும் ஒரு கொடிக்காயை ஆங்கிலேயர் கிராம்பு அவரை என்றார்கள். தமிழ் உழவர் அதே காய்க்கு மூக்குத்தி அவரை என்று பெயரிட்டார்கள். இங்கே சாலையோரப் புல்வெளிகளில் மஞ்சள் நடுவும் வெண்ணிற இதழுமாகத் தலைகாட்டும் சிறு பூ ஒன்றுண்டு. அதனை மூக்குத்திப் பூ என்று தமிழில் சொல்வார்கள். முன்பு பூவின் பெயர் நகைக்குப் போயிற்று. இப்போது நகையின் பெயர் பூவுக்கு வந்தது. வந்து சேர்ந்த பொருள் எப்போது நம்முடையதாகிறது என்றால், அதன் பெயரால் வேறு பொருள்களை நாம் அழைக்கத் தொடங்கும்போதுதான். மலாய்மொழியில் காதணிக்குச் 'சுபாங்' என்று தனிச்சொல் இருக்கிறது. மூக்கணியைச் சொல்லும்போது அதனுடன் மூக்கு என்னும் சொல்லைச் சேர்த்துச் 'சுபாங் ஹிடுங்' என்கிறார்கள்.

இனி, பெண்களுக்கு இது என்னவாக இருந்தது என்பதைப் பார்ப்போம்.

கருநாடக இசையின் பிதாமகர் எனப் போற்றப்படும் புரந்தரதாசர் பதினாறாம் நூற்றாண்டினர். அவர் துறவு பூண்டதற்குக் காரணமாகச் சொல்லப்படும் கதையில் ஒரு மூக்குத்தி இருக்கிறது. அப்போது அவர் பெரும் செல்வர். நகை ஈட்டுக்குக் கடன் கொடுப்பவர். கையை விட்டு ஒரு காசும் போகாதவர். பிள்ளைக்குப் பூணூல் போடப் பொருள் வேண்டும் என்று ஓர் ஏழை அந்தணர் வந்து நடையாய் நடக்கிறார். கடையில் ஒன்றும் பெயராததால் வீட்டுக்குப் போய் அம்மையாரிடம் கேட்கிறார். அந்த வீட்டில் எல்லாம் கணவருடையவை. தம்முடையது எது என்று எண்ணிப் பார்த்த அம்மையார், பிறந்தகத்தார் இட்ட மூக்குத்தியைக் கழற்றிக் கொடுக்கிறார். அது திரும்ப அதே கடைக்கு விற்பனைக்கு வருகிறது. கணவர் கண்டு ஐயுறுகிறார். வீட்டில் இருந்த மூக்குத்தி எங்கே என்று கேட்டு அதிர்கிறார். அஞ்சிய அம்மையார் நஞ்சருந்தத் துணிந்தபோது கிண்ணத்தில் மூக்குத்தி வந்து விழுந்தது என்றும், அதன்பின் உண்மையறிந்த கணவர் செல்வம் அனைத்தையும் துறந்தார் என்றும் கதை முடிகிறது. இது பக்தர்கள் போற்றும் வரலாறு. ஆனால் அதனுள்ளே சமுதாய வரலாறும் இருக்கிறது. பெரிய வீட்டில் வாழ்ந்த பெண்ணுக்கும் தன்னிச்சையாக எடுத்துக் கொடுக்கக் கூடிய பொருள் மூக்கில் இருந்த ஒரு பொட்டுத் தங்கம் மட்டுமே.

மலாயாவின் பால்மரத் தோட்டங்களுக்குக் கங்காணிமாரின் பின்னே கப்பலேறி வந்த நம் தாய்மாருக்கும் இது பொருந்தும். வங்கிக் கணக்கை அறியாத காலத்தில் காதும் மூக்கும்தான் அவர்களின் சேமிப்புப் புத்தகம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அடகுக்கடைக்குப் போவது மூக்குத்திதான். கழற்றிய துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு, மீட்கும் நாளை எண்ணிக் காத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர்.

அதே நகை துயரத்தின் அடையாளமாகவும் ஆக்கப்பட்டது. கணவனை இழந்த பெண்ணின் பூவையும் பொட்டையும் பறித்த கொடிய வழக்கம், சில குடும்பங்களில் மூக்குத்தியையும் விட்டுவைக்கவில்லை. தாலியைக் கணவன் கட்டினான். மூக்குத்தியோ பெற்றோர் இட்டது. கணவன் தராத ஒன்றைக் கணவன் இறந்ததும் ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்டால் விடை கிடையாது. மூக்குத்தி அணியச் சாத்திரம் எப்படி ஆணையிடவில்லையோ, அப்படியே கழற்றவும் அது ஆணையிடவில்லை என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கன்னியாகுமரியில் நின்ற கோலத்தில் தவமிருக்கும் பகவதியம்மனின் மூக்குத்தியை அறியாதவர் இல்லை. அதன் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணிக் கப்பல்கள் பாறையில் மோதியதாகவும், அதனால்தான் கோயிலின் கிழக்கு வாயில் மூடியே வைக்கப்படுகிறது என்றும் மக்கள் சொல்லுவார்கள். மணமாகாத கன்னித் தெய்வத்தின் மூக்கில் மூக்குத்தி சுடர்விடுகிறது என்பதையும் இங்கே கருத வேண்டும். மூக்குத்தி மணமானதற்கு அடையாளம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் வலப்பக்கம், வடநாட்டில் பெரும்பாலும் இடப்பக்கம், சிலருக்கு இருபக்கமும் என வழக்கம் இடத்துக்கு இடம் மாறும். இருபுறமும் வைரம் ஒளிர மேடையில் அமர்ந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் முகம் உங்கள் நினைவுக்கு வரும்.

இனி நான் முதலில் சொன்ன வழக்குக்கு வருகிறேன். 1860ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் டர்பன் நகரில் வாழ்கிறார்கள். அங்கே 2004ஆம் ஆண்டு தமிழ் மரபில் வந்த ஒரு மாணவி, பள்ளி விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். நகை அணிவது பள்ளி விதிக்கு முரண் என்று நிருவாகம் கழற்றச் சொன்னது. பருவமெய்திய பெண்ணுக்கு மூக்குக் குத்துவது எங்கள் குடும்ப மரபு. பிறகு பாட்டி தம் கையால் வைர மூக்குத்தி அணிவிப்பார் என்று தாயார் விளக்கினார். பள்ளி இணங்கவில்லை. வழக்கு முதலில் தோற்றது, மேல்முறையீட்டில் வென்றது, இறுதியில் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குச் சென்றது.

அங்கே எழுந்த கேள்வி மிக நுட்பமானது. மூக்குத்தி சமயம் விதித்த கடமையா? இல்லை, அதை அணியாத பெண்ணும் நல்ல தமிழச்சிதான், நல்ல இந்துதான். கடமை இல்லையென்றால் பள்ளி ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? 2007ஆம் ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயமாகச் செய்வதற்கு மட்டுமன்றி, ஒருவர் தம் பண்பாட்டின்மீதுள்ள பற்றினால் தாமாக விரும்பிச் செய்வதற்கும் பாதுகாப்பு உண்டு என்பது அதன் சாரம். மாணவியின் பக்கமே வெற்றி கிடைத்தது.

நேயர்களே, நம் மூன்றாவது கேள்வியும் இதுவே. பழமையானது அன்று, விதிக்கப்பட்டதும் அன்று என்றால், மூக்குத்தி நம்முடையது அன்று என்றாகிவிடுமா? மிளகாயை எண்ணிப் பாருங்கள். அது போர்த்துக்கீசியர் வந்த பிறகே நம் நாட்டுக்கு வந்தது. சங்கப்புலவர் எவரும் மிளகாய் உண்டதில்லை. ஆயினும் அது இல்லாத குழம்பை நம் வீட்டில் யார் தொடுவார்? மூக்குத்தியும் அப்படித்தான். அதைக் காக்க வேண்டுமானால் இல்லாத பழமையை ஏற்ற வேண்டியதில்லை. மருத்துவ நூல்களில் இல்லாத காரணங்களைக் கற்பிக்க வேண்டியதும் இல்லை. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக நம் பெண்கள் அதனைத் தம் சொந்தப் பொருளாக அணிந்தார்கள், அடகு வைத்தார்கள், மீட்டார்கள், மகளுக்குக் கொடுத்தார்கள் என்பதே போதிய சான்று. அணிவதும் அணியாதிருப்பதும் அந்தப் பெண்ணின் விருப்பமாக இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். பேசரி, புல்லாக்கு, நத்து என்னும் சொற்களை அறிந்த மூத்தோர் உங்கள் இல்லத்தில் இருந்தால், அவர்கள் அணிந்த நகைக்கு என்ன பெயர், யார் இட்டது, எந்த வயதில் இட்டது என்று கேட்டு எழுதி வையுங்கள். நகை தொலைந்தால் தட்டான் வேறொன்று செய்து தருவான். சொல் தொலைந்தால் செய்து தர ஆள் இல்லை.